வாசகர் கேள்வி – பதில்: உட்கார்ந்தபடியே குண்டு எறியலாம்

கேள்வி: என் தம்பி விசைப்படகில் தொழிலுக்குப் போய்வந்தவன். படகில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறான். தோளும் கையும் பழைய வலுவோடு இருக்கின்றன. “இனிமேல் விளையாட்டு எதற்கு, உடம்பைப் பார்த்துக்கொண்டால் போதும்” என்கிறார்கள் உறவினர்கள். அவன் என்ன பயிற்சி செய்யலாம்? கடலில் இறங்கலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: உறவினர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால், உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கே பயிற்சி வேண்டும். அசையாமல் உட்கார்ந்தே இருந்தால் எலும்பு வலுவிழக்கும், எடை கூடும், மூச்சும் இதயமும் தளரும். மருத்துவரிடமும் இயன்முறைச் சிகிச்சையாளரிடமும் ஒருமுறை காட்டி அனுமதி பெற்றுவிட்டு, தாமதிக்காமல் தொடங்கச் சொல்லுங்கள்.

முதல் கவனம் தோளுக்கு. இதுவரை கால்கள் செய்த வேலை முழுவதையும் இப்போது தோள்கள் செய்கின்றன. சக்கரத்தைத் தள்ளத் தள்ள மார்பும் முன்தோளும் மட்டுமே வலுப்பெற்று, முதுகுப்பக்கத் தசைகள் பின்தங்கிவிடுவதால், சில ஆண்டுகளில் தோள்வலி வந்து நாற்காலியை நகர்த்துவதே பாடாகிவிடும். ஆகவே தள்ளும் பயிற்சியைவிட இழுக்கும் பயிற்சி அதிகம் தேவை. பயிற்சிக்கான ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, நாற்காலியின் தடையைப் போட்டுக்கொண்டு, முழங்கை விலாவை ஒட்டியபடி பின்னால் போகுமாறு நிதானமாக இழுத்தால் போதும்; வலை இழுத்துப் பழகிய கைகளுக்கு இது எளிதில் பிடிபடும்.

போட்டியில் ஆர்வம் இருந்தால் உட்கார்ந்து எறியும் குண்டெறிதலை (ஷாட் புட்) சொல்வேன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், உட்கார்ந்து எறிவோருக்கான எஃப்57 பிரிவில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வென்ற நாகாலாந்தின் ஹொகாட்டோ செமா, கண்ணிவெடியில் காலை இழந்த ராணுவ வீரர். முப்பது வயதைக் கடந்த பிறகே குண்டைக் கையில் எடுத்தவர். இடுப்பும் வயிற்றுத் தசைகளும் எவ்வளவு இயங்குகின்றன என்பதைச் சோதித்து, வீரர் எந்தப் பிரிவில் எறிய வேண்டும் என்பதை வகைப்படுத்தும் குழு முடிவு செய்யும். எறியும் இருக்கையின் உயரம் மெத்தையோடு சேர்த்து 75 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. எறியும்போது உடல் இருக்கையை விட்டு எழக்கூடாது. படகுக்கு வெல்டிங் செய்யும் பட்டறைக்காரரே இந்த இருக்கையை இரும்புக் குழாயில் செய்து தந்துவிடுவார். அதைத் தரையோடு அசையாமல் கட்டுவதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையோடு (யு.டி.ஐ.டி.) மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தையும் அணுகுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப்பிரிவு உண்டு.

கடலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர்தான் 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தை வாங்கித் தந்தார் என்பதால், ‘கூடாது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் பக்கம் போகவே வேண்டாம். எந்தக் கரை அடங்கியிருக்கிறது என்பது உங்கள் வீட்டுக்குத் தெரியாததல்ல. உணர்வில்லாத காலைச் சிப்பியோ பாறையோ கிழித்தாலும், வெயிலேறிய மணல் சுட்டாலும் அவருக்குத் தெரியாது; ஆகவே கனமான காலுறை அணிவித்து, இருவர் தூக்கித்தான் இறக்க வேண்டும், மிதவை அங்கியும் கட்டாயம். அடிபட்ட இடம் முதுகில் உயரமாக இருந்தால் அதற்குக் கீழே வியர்வை சுரக்காது, உடல் வேகமாகச் சூடேறும் என்பதால், பயிற்சி எதுவானாலும் வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும். இரவில் பின்புறத்தையும் குதிகாலையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு தெரிந்தால், அது ஆறும்வரை பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி படிக்கிறாள். விளையாட்டு விழாவில் பரிசுத் தட்டு ஏந்தும் வேலையைத்தான் அவளுக்குக் கொடுக்கிறோம். இந்த ஆண்டு “நானும் ஓடுகிறேன், சார்” என்று கேட்கிறாள். எப்படி ஓடவைப்பது?
– உடற்கல்வி ஆசிரியர், கீழக்கரை

பதில்: அவள் கேட்கும்வரை நம் பள்ளிகள் காத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மற்ற மாணவர்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் பள்ளி தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஓடுவது அவளுடைய உரிமை.

அவளைவிடச் சற்று வேகமாக ஓடக்கூடிய, ஏறத்தாழ அதே உயரமுள்ள ஒரு மாணவியைத் துணை ஓட்டக்காரியாகத் தேர்ந்தெடுங்கள். ஓரடிக்கும் குறைவான மென்கயிற்றின் இரு முனைகளிலும் வளையம் போட்டு, ஆளுக்கொன்றைப் பிடிக்கட்டும். முதலில் நடக்கட்டும்; கைவீச்சும் காலடியும் ஒன்றாக விழும்வரை நடையிலேயே வைத்திருங்கள், அவசரப்பட வேண்டாம். துணை ஓடுபவர் இழுக்கக்கூடாது, எல்லைக்கோட்டை முந்திக் கடக்கவும் கூடாது. “வளைவு”, “நேர்”, “கோடு” போன்ற சில சொற்களை இருவரும் முன்பே பேசிவைத்துக்கொள்ளட்டும். பாரிஸ் பாராலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற, பார்வைக் குறைபாடுள்ள சிம்ரன் சர்மாவும் துணை ஓட்டக்காரரோடுதான் ஓடினார். மைதானத்தில் குழிகளை மூடிவிட்டு, ஓடுபாதையை அவள் ஒருமுறை கால்களால் அளந்து நடக்க விடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஆட்டிசம். தண்ணீரைக் கண்டால் அவ்வளவு மகிழ்ச்சி. நீச்சல் கற்றுக்கொடுக்கலாமா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: தாராளமாக. ஆட்டிசம் உள்ள ஜியா ராய் என்ற மும்பைச் சிறுமி, 2022 மார்ச்சில், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து உங்களுக்கு அருகிலுள்ள அரிச்சல்முனை வரை 13 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்தார். உங்கள் மகளுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. ஒரே பயிற்சியாளர், ஒரே நேரம், ஒரே வரிசைமுறை என்று தொடங்குங்கள். சொல்லிக்கொடுப்பதைவிடச் செய்து காட்டுவதே அவளுக்கு எளிதாகப் புரியலாம். தண்ணீரின் மேல் ஆசையுள்ள பிள்ளைகள் ஆழம் பாராமல் இறங்கிவிடுவார்கள் என்பதால், நன்றாக நீந்தக் கற்ற பின்னும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.