இனிப்பு மேலே, உப்பு கீழே: பார்ட்டிக்கு ஒரு சீஸ் டிப்

கேள்வி: மே மாதக் கடைசியில் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். மொட்டை மாடியில் சின்னதாக ஒரு பார்ட்டி. பெரியவர்களும் குழந்தைகளுமாக 25 பேர் வருவார்கள். இனிப்பும் உப்பும் காரமுமாக ஒரு சீஸ் டிப் வைக்க ஆசை. போன மாதம் ஒத்திகை பார்த்தேன். பீட்சாவுக்குப் போடும் சீஸைப் பாலில் உருக்கித் தேன் கலந்தேன். சூட்டில் நூல் நூலாக இழுத்தது. ஆறியதும் ரப்பர் மாதிரி இறுகி, ஓரத்தில் எண்ணெய் நின்றது. தேன் போட்டதே தெரியவில்லை. முதல் நாளே செய்து வைக்கும்படி சுலபமான வழி உண்டா?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. எடுத்த சீஸ்தான் இந்த வேலைக்கு ஆகாதது.

பீட்சா சீஸ் என்று நாம் வாங்கும் மொஸரெல்லா, திரிந்த பால்கட்டியை வெந்நீரில் போட்டுப் பிசைந்து, இழுத்து இழுத்துச் செய்வது. அதன் புரதம் நீள நீளமான இழைகளாக அடுக்கியிருக்கும். பீட்சாவைப் பிய்க்கும்போது நூல் வருவதற்குக் காரணம் அந்த இழைகள்தான். அதையே பாலில் போட்டுக் கொதிக்க விட்டால் புரதம் சுருங்கும். தனக்குள் பிடித்து வைத்திருந்த கொழுப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். நீங்கள் பார்த்த எண்ணெய் அதுதான். ஆறியபின் மிஞ்சுவது ரப்பர்.

க்யூப், ஸ்லைஸ் வடிவில் வரும் பதப்படுத்திய சீஸ் இப்படிப் பிரியாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சேர்பொருள்களுக்கான ஐ.என்.எஸ். எண் 331 அல்லது 339 என்று இருக்கும். சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள். கொழுப்பும் தண்ணீரும் கைகோத்து நிற்க இவை உதவுகின்றன. ஆனால் சூடான டிப் எதுவாக இருந்தாலும் மேசையில் பத்து நிமிஷத்தில் ஆடை கட்டிவிடும். அடியில் தணல் வைத்துக்கொண்டே இருக்க மொட்டை மாடி பார்ட்டியில் யாருக்கு நேரம்? குளிர்ந்த டிப்புக்கு மாறிவிடுங்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதற்கு வெகு எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. வெண்ணெய் மாதிரி மென்மையாக, லேசாகப் புளிக்கும் க்ரீம் சீஸ் கட்டியைத் தட்டில் வைத்து, மேலே இனிப்பும் காரமுமான மிளகாய் ஜெல்லியை ஊற்றி, பக்கத்தில் உப்பு பிஸ்கட்டை அடுக்கிவிடுவார்கள். சமையலே இல்லை. (க்ரீம் சீஸும் அமெரிக்கச் சரக்குதான். 1870-களில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால் வியாபாரி அதைச் செய்து விற்கத் தொடங்கினார். 1880-ல் அதற்கு ஒட்டிய பெயர் பிலடெல்பியா. ஊருக்கும் சீஸுக்கும் சம்பந்தம் இல்லை. பிலடெல்பியா என்றால் நல்ல பால் பொருள் என்று அப்போது ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.)

அந்தத் தட்டில் கவனிக்க வேண்டியது, இனிப்பைச் சீஸில் கலக்காமல் மேலே விட்டிருப்பதுதான். குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும். உருகிய ஐஸ்க்ரீம் திகட்டுவதும், அதுவே உறைந்திருக்கும்போது அளவாக இனிப்பதும் இதனால்தான். சீஸுக்குள் தேனைக் கலந்துவிட்டு இனிப்பு போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றினால், கடைசியில் உப்புப் போட்ட பாயசம் மாதிரி ஒன்றுதான் கிடைக்கும். மேலே தனி அடுக்காக இருந்தால் நாக்கில் முதலில் இனிப்பு படும், பிறகு காரம், அப்புறம் சீஸின் உப்பும் புளிப்பும். சர்க்கரையும் குறைவாகச் செலவாகும்.

முழுக்க க்ரீம் சீஸில் செய்தால் 25 பேருக்குக் கையைக் கொஞ்சம் கடிக்கும். பாதிக்கு மேல் தயிரே போதும். சொல்லப் போனால் எனக்குத் தயிர் கலந்ததுதான் பிடிக்கும். வெறும் க்ரீம் சீஸ் நம் வெயிலுக்குக் கனம்.

பார்ட்டிக்கு இரண்டு நாள் முன்னால், இரவில், நல்ல கெட்டித் தயிர் ஒன்றரை லிட்டர் எடுத்து, இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து அதில் ஊற்றி மூட்டை கட்டுங்கள். வடிதட்டில் வைத்து, அடியில் பாத்திரம் வைத்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். சமையலறைக் குழாயில் தொங்கவிட்டால் மே மாதச் சூட்டில் காலைக்குள் புளித்துவிடும். எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாக, 600 முதல் 700 கிராம் வரை கெட்டியாக நிற்கும். விரலால் வழித்தால் வழித்த தடம் மூடக் கூடாது, அதுதான் பதம். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் க்ரீம் சீஸ் 200 கிராமை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, கரண்டியால் நன்றாகக் குழைத்துக்கொள்ளுங்கள். க்ரீம் சீஸ் கிடைக்கவில்லையா, சீஸ் க்யூப் 150 கிராமைத் துருவி, 100 மில்லி சூடான பாலில் சிறு தீயில் கரைத்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு நன்றாக ஆறவிடுங்கள். இந்தச் சீஸ் உருக்கினாலும் பிரியாது என்று மேலே சொன்னேன் அல்லவா. பனீரை மட்டும் இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். எவ்வளவு அரைத்தாலும் ரவை மாதிரி நெருநெருவென்று நிற்கும்.

வடித்த தயிரை இதில் கரண்டியால் கலக்க வேண்டும். மிக்ஸியில் போடவே கூடாது; எட்டு மணி நேரம் வடித்துக் கிடைத்த கெட்டி அரை நிமிஷத்தில் மோராகிவிடும். இரண்டு பல் பூண்டை நெய்யில் வதக்கி நசுக்கிச் சேருங்கள். பச்சையாகப் போட்டால் ஒரே இரவில் பூண்டு வாசம் மட்டுமே மிஞ்சும். மிளகுத்தூள் அரை டீஸ்பூன். உப்பு கடைசியில், ருசி பார்த்து. சீஸிலேயே உப்பு இருக்கிறது. குளிர வைத்து ஒரு முறை மறுபடி ருசி பாருங்கள், அநேகமாக இன்னொரு சிட்டிகை கேட்கும்.

மேலே விடுவதற்கு என் தேர்வு அன்னாசியும் காய்ந்த மிளகாயும். பொடியாக நறுக்கிய அன்னாசி 300 கிராம், சர்க்கரை 100 கிராம், கொரகொரப்பாகப் பொடித்த மிளகாய் ஒன்றரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் அடி கனமான வாணலியில் போட்டுக் கொதிக்க விடுங்கள். முதலில் நீர் விட்டுக்கொண்டு தளதளவென்று கொதிக்கும். பத்து நிமிஷம் போனபின் குமிழி பெரிதாகி, சத்தம் குறைந்து, கரண்டியைச் சாய்த்தால் துளியாகச் சொட்டாமல் தயங்கித் தயங்கி விழும். அடுப்பை அணைத்து ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் ஜாம் பதம் வரை போக வேண்டாம்.

அன்னாசியை வேகவைக்காமல் போடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அக்கா மகள் வளைகாப்புக்கு, பச்சை அன்னாசியை நறுக்கி முதல் நாள் இரவே தயிர் டிப்பில் கலந்து வைத்தேன். காலையில் திறந்தால் தண்ணீர் விட்டு, வாயில் வைக்க முடியாத கசப்பு. அன்னாசியில் ப்ரோமெலைன் என்ற நொதி உண்டு. பால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும், வெட்டிய துண்டுகள்தான் கசக்கின்றன. கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே சூடு பட்டதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. பப்பாளி, கிவிக்கும் இதே எச்சரிக்கை. மாம்பழ சீசன்தானே என்று மாம்பழம் எடுத்தாலும் சரிதான், அது கசக்காது; நீர் வற்றச் சுண்டவைத்தால் போதும். அதுவும் முடியாதவர்கள் சாட் கடைப் பாணியில் புளி, பேரீச்சம்பழம், வெல்லம் போட்ட இனிப்புச் சட்னியை விடலாம், அதுவும் பொருந்தும். தேன் வேண்டாம். நீர்த்து ஓரமாக ஓடிவிடும். தவிர, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது; கூட்டத்தில் யார் எதை ஊட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தொட்டுக்கொள்ள சிப்ஸ் வாங்க வேண்டாம், பாதி டிப்பிலேயே முறிந்து கிடக்கும். தட்டை இருக்கிறதே, இதற்கென்றே செய்தது மாதிரி. தடிமனாக, முறியாமல், உப்பும் காரமுமாக. காரம் குறைவாகப் போடச் சொல்லி வாங்குங்கள். குழந்தைகளுக்கு உப்பு பிஸ்கட்டும் கேரட்டும். வெள்ளரிக்காயை விதைப் பகுதி நீக்கி, துணியில் ஒற்றி வையுங்கள்.

பரிமாறுவதில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பால் பண்டம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். மே மாத மாடி என்றால் ஒரு மணி நேரக் கணக்குதான் உங்களுக்கு. அதனால் மொத்தத்தையும் பெரிய தட்டில் கொட்டாமல் நாலு கிண்ணங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் சீஸ் கலவையை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மேசைக்குக் கொண்டுபோகும்போது மட்டும் அன்னாசியை மேலே விடுங்கள். முதல் நாளே விட்டு வைத்தால் நீர் கசிந்து நிறம் இறங்கிவிடும். ஒன்று காலியானதும் அடுத்தது. மேசையில் கிடந்து மிஞ்சியதை எடுத்து வைக்காதீர்கள்.

அன்னாசி மட்டும் தனியாக மிஞ்சினால் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். மறுநாள் காலை தோசைக்குத் தொட்டுப் பாருங்கள்.