கேட்காமல் வந்த வேலை

கேள்வி: எனக்கு வயது 36. ஒரு கருத்தரங்கில் நான் பேசியதைக் கேட்ட ஒருவர், தன் நிறுவனத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். விண்ணப்பமே போடவில்லை, வேலை வந்துவிட்டது. வெளிநாடு, அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். கணவர் "போகலாம், நானும் வருகிறேன்" என்கிறார். அம்மாவுக்கு 70 வயது, தனியாக இருக்கிறார். போனாலும் தப்பு, போகாவிட்டாலும் தப்பு என்று தோன்றுகிறது. தூக்கமே இல்லை.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்:

அன்புத் தோழி,

தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். கூரை பிய்ந்தால் மழை ஒழுகும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் தூக்கம் கெட்டு யோசிப்பதெல்லாம் போவதைப் பற்றி. நான் கேட்பது வேறு: நாலாவது மாதம் இது சரிப்படவில்லை என்று தெரிந்தால் எப்படித் திரும்பி வருவீர்கள்? அதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இரண்டு நாடுகளை வைத்துச் சொல்கிறேன். வேலை விசா பல நாடுகளில் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், அடுத்த வழி பார்க்க அதிகபட்சம் 60 நாள்தான். ஜெர்மனியில் தகுதிகாண் காலம் 6 மாதம் வரை போகலாம். அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம், நீங்களும் கிளம்பிவிடலாம். ஆகவே ஒப்பந்தத்தில் முதலில் சம்பளப் பக்கத்தைப் பார்க்காதீர்கள். தகுதிகாண் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் குடிபெயர்ப்புச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா, அவர்களே அனுப்பினால் திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு - இதைப் படியுங்கள். இல்லாததை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாய் வார்த்தை வேண்டாம். அவர்கள்தான் உங்களைத் தேடி வந்தார்கள். நீங்கள் போய் நிற்கவில்லை. இந்த அனுகூலம் கையெழுத்துப் போடும் வரைதான்.

அப்புறம் கணவர். "நானும் வருகிறேன்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. வந்து என்ன செய்வார்? ஜெர்மனியில் ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு வேலை செய்யத் தடையில்லை. அமெரிக்காவில் எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் போகிறவர்களில் பெரும்பாலோர் வேலை செய்ய முடியாது. கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களின் துணைக்கு மட்டும் தனி அனுமதி உண்டு. இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒருநாள் சிடுசிடுப்பார். அதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த விசா, அதில் அவருக்கு என்ன உரிமை என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். திருமணச் சான்றிதழுக்கு இப்போதே அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) வாங்கி வைப்பதும் நல்லது. 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த பெரும்பாலான நாடுகளுக்கு அது போதும். ஆனால் ஜெர்மனி போல, சேர்ந்திருந்தும் இந்திய அப்போஸ்டிலுக்கு ஆட்சேபம் சொன்ன நாடும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சேராத நாடென்றால் தூதரகம் வரை போக வேண்டும், நாள் பிடிக்கும்.

உங்கள் இருவரில் யாராவது தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு, சில இருமல், வலி மருந்துகளில் இருக்கும் கோடீன் கலந்த மருந்தை எடுத்துப் போகவே முன் அனுமதி வேண்டும்.

வீடு? பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். முதல் மாதம் நிறுவனமே தங்க இடம் தரட்டும்.

இனி காகிதத்தில் வராத சங்கதி. நானும் ஒரு தடவை இப்படி எதிர்பாராத வேலைக்குப் போனவள்தான். முதல் நாள் காலை கதவைப் பூட்டத் தெரியவில்லை. சாவி சுற்றவே மாட்டேன் என்கிறது. நேரமாகிறது, எனக்கு அழுகை முட்டுகிறது. எதிர்வீட்டு அம்மாள் வந்து, ஒன்றும் பேசாமல் கைப்பிடியை மேலே தூக்கிக் காட்டினார். சாவி திரும்பியது. இருபது வருடமாக வேலை பார்த்தவள், ஒரு கதவைப் பூட்டத் தெரியாமல் நின்றேன். குன்றிப்போகிற அந்த உணர்வு கொஞ்ச நாள் கூடவே வரும். தயாராக இருங்கள்.

முதல் சில வாரம் எல்லாமே புதுசு, ஓடிவிடும். சறுக்கல் பின்னால்தான். 1955-ல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்கா போய்த் திரும்பிய சுமார் 200 நார்வேக்காரர்களிடம் விசாரித்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும், ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில்தான் திண்டாட்டம். எல்லாருக்கும் இப்படியே நடப்பதில்லை என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்லின. இருந்தாலும் ஏழாவது மாதம் மனசு விட்டுப்போனால், "தப்பு செய்துவிட்டேன்" என்று அன்றைக்கே டிக்கெட் போட வேண்டாம்.

போகலாமா என்றால், நான் கேட்கச் சொன்னதெல்லாம் எழுத்தில் கைக்கு வந்தால் போங்கள் என்றுதான் சொல்வேன். வராவிட்டால் வேண்டாம். இரண்டு வாரம் போதாது என்றால் கூடுதலாக ஒரு வாரம் கேளுங்கள். அதற்கே முகம் சுளிக்கிற இடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கடிதத்தில் கணவர் சொன்னது இருக்கிறது, நிறுவனம் சொன்னது இருக்கிறது. அம்மாவின் வயது இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்பது இல்லை. அவரிடம் விஷயத்தைச் சொன்னீர்களா?