வோபரின் குடிக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டை நம்பலாமா?

கேள்வி: என் மூத்த மகளுக்கு 29 வயது. ஆறு கிழமைக்கு முன் இடது கால் வீங்கி, இரத்தம் கட்டியிருக்கிறது என்று வோபரின் குளிசை தந்தார்கள். ஏன் கட்டியது என்று அறிய, சொந்தக்காரர் ஒருவர் சொன்னபடி வெளியில் காசு கட்டிச் சோதித்தோம். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் இரண்டும் குறைவாம். லூபஸ் அன்டிகோகுலன்ட் இருக்கிறதாம். இது பரம்பரை வருத்தமா? இளையவளுக்குக் கலியாணம் பேசுகிறோம், அவளையும் சோதிக்க வேண்டுமா? குளிசையைப் பத்து நாள் நிறுத்திவிட்டுத் திரும்பச் சோதிக்கட்டாம். செய்யலாமா?
– ஒரு தாய், விசுவமடு

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சோதனைக்காகக் குளிசையை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்குள் மருந்தை விட்டால், புதிதாகக் கட்டவும் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போகவும் வாய்ப்பு அதிகம். அது உயிரோடு விளையாடுகிற விஷயம்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். இரத்தம் உறைவதற்கான சில புரதங்களை ஈரல் விட்டமின் கே-யை வைத்துத்தான் செய்கிறது. வோபரின் அந்த வேலையைத் தடுக்கிறது. இரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரோட்டீன் சி, எஸ் இரண்டும் அதே விட்டமினில் உருவாகிறவை. ஆகவே வோபரின் குடிக்கிற யாரைச் சோதித்தாலும் இவை குறைவாகத்தான் வரும். உங்கள் மகளின் ரிப்போர்ட் காட்டுவது மருந்து வேலை செய்கிறது என்பதை மட்டுமே. அதை வைத்துப் பரம்பரை வருத்தம் என்று சொல்ல முடியாது, இளையவளைச் சோதிக்கவும் இப்போது காரணமில்லை. கலியாணப் பேச்சை இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

லூபஸ் அன்டிகோகுலன்ட் என்பது இரத்தம் கட்ட வைக்கக்கூடிய ஓர் எதிர்ப்பொருள். அதன் சோதனையில், இரத்தம் உறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். மருந்தே அந்த நேரத்தை நீட்டிவிடும். அதனால் இல்லாததை இருக்கிறது என்றும், சிலவேளை இருப்பதை இல்லை என்றும் காட்டலாம். இரத்தம் கட்டாமலிருக்கப் போடும் ஹெப்பரின் ஊசியும் இப்படிக் குழப்பும், அதோடு அன்டித்ரொம்பின் என்ற புரதத்தையும் குறைத்துக் காட்டும். ரிவரொக்சபான், அபிக்சபான் போன்ற புதிய குளிசைகளில் எனக்கு இன்னும் கவலை. அவை உண்மையான குறைபாட்டைக்கூட மறைத்து, எல்லாம் சரி என்று காட்டிவிடக்கூடும்.

ஆனால் கார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்ற, இதே வகையைச் சேர்ந்த மற்ற இரண்டு எதிர்ப்பொருள் சோதனைகளை வோபரின் குழப்பாது. மரபணுச் சோதனைகளும் அப்படித்தான். இப்போதே ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் இவற்றைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

மற்றவை பிறகு. குறைந்தது மூன்று மாதம் மருந்து எடுத்தபின், நிறுத்தலாமா என்று கிளினிக் வைத்தியர் முடிவெடுப்பார். நிறுத்தினால் இரண்டு கிழமையாவது, புரோட்டீன் எஸ்-க்கு நாலு கிழமைக்கு மேலும் பொறுத்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும். அப்போதும் லூபஸ் அன்டிகோகுலன்ட் இருக்கிறது என்று வந்தால் 12 கிழமை கழித்து மறுபடி பார்த்தே உறுதிசெய்வார்கள். கர்ப்ப காலத்திலும் கருத்தடைக் குளிசை எடுக்கும்போதும் புரோட்டீன் எஸ் குறையும், அதையும் சொல்லுங்கள். வோபரின் குழந்தையைப் பாதிக்கும், ஆகவே கர்ப்பமாக நினைத்தால் முன்கூட்டியே வைத்தியரைக் காண வேண்டும்.

இன்னொன்று. வன்னியில் ஐ.என்.ஆர். (வோபரின் அளவு சரியா என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்க்க பஸ் ஏறி கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய் அரைநாள் காத்திருப்பவர்களின் அலைச்சல் எனக்குத் தெரியும். ஐ.என்.ஆர். தேவையில்லாத புதிய குளிசைக்கு மாறச் சொல்லி யாராவது உங்களிடமும் சொல்லலாம். லூபஸ் விஷயம் தெளியும்வரை மாற வேண்டாம். இந்த எதிர்ப்பொருள்களால் இரத்தம் கட்டும் வருத்தம் உண்மையாகவே இருந்தால் வோபரின்தான் பாதுகாப்பு. புதிய குளிசைகளில், முக்கியமாக மூன்று எதிர்ப்பொருளும் உள்ளவர்களுக்கு, திரும்பக் கட்டும் ஆபத்து கூடுதல்.

அடுத்த முறை சோதனைப் படிவத்தில் மருந்தின் பெயர், அளவு, கடைசியாகக் குடித்த நேரம் மூன்றையும் எழுதச் சொல்லி, கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். இடையில் திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.