ஐடி மேலாண்மை படித்தால் என்ன வேலை, என்ன சம்பளம்?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: மகனுக்குத் தேசிய சேவை முடியப்போகிறது, தகவல் தொழில்நுட்ப மேலாண்மைதான் படிப்பேன் என்கிறான், கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்குக் கிடைப்பதுபோல் இதற்கும் வேலையும் சம்பளமும் கிடைக்குமா?

தாராளமாகப் படிக்கட்டும் அம்மா. ஆனால் பட்டத்தின் பெயரில் மேலாண்மை இருக்கிறது என்பதற்காக யாரும் எடுத்தவுடனே மேனேஜர் வேலை தரமாட்டார்கள். பிசினஸ் அனலிஸ்ட் (நிறுவனத்துக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுபவர்), சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் (அதற்குக் கணினி அமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று வகுப்பவர்), ஐடி ஆடிட் (கணினி அமைப்புகள் விதிப்படி நடக்கின்றனவா என்று சரிபார்ப்பது) என்றுதான் ஆரம்பிக்கும். பத்துப் பேர் கொண்ட குழுவை நடத்தும் பொறுப்பு வர சில வருடம் ஆகும்.

வேலை எப்படி இருக்கும் என்றால், ஒரு வங்கி தன் செயலியில் பணம் அனுப்பும் பகுதியை மாற்றுகிறது என்று வையுங்கள். கோடிங் எழுதுபவர் தன் பங்கை முடித்துவிடுவார். அதை ஞாயிறு அதிகாலை எத்தனை மணிக்கு ஏற்றுவது, யார் யார் ஒப்புதல் தரவேண்டும், பாதியில் சிக்கினால் எந்த நிமிடத்தில் பழையதற்கே திரும்புவது, திங்கள் காலை வாடிக்கையாளர் கூப்பிட்டால் யார் பதில் சொல்வது, இத்தனையையும் முன்கூட்டியே எழுதிவைத்து ஆளாளுக்குப் பேசி முடிக்க ஒருவர் வேண்டும். அவர்தான் இந்தப் படிப்பு படித்தவர். வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் தொழில்நுட்ப இடர் விஷயத்தில் கண்டிப்பானது, 2018இல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது, அதனால் வங்கிகளுக்கு இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் முடியாது.

சரி, சம்பளம். பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். 2024இல் எல்லாத் துறைகளையும் சேர்த்து முழுநேர நிரந்தர வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கு மேலும் பாதிப் பேருக்குக் கீழும் இருக்கும் தொகை, மாதம் 4,500 வெள்ளி. கம்ப்யூட்டிங் படிப்புகள் அதற்கு மேலேதான் நிற்கின்றன. ஆனால் அதே ஆய்வில், எல்லாத் துறைகளையும் சேர்த்து முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்கள் 2023இல் 84 விழுக்காடாக இருந்து மறு ஆண்டே 80க்குக் கீழே இறங்கிவிட்டார்கள், இதையும் சேர்த்தே யோசிக்கவேண்டும். அட்டவணையில் எல்லாரும் இடைநிலை எண்ணை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் 25ஆம் விழுக்காட்டு எண்ணையும் பாருங்கள், நாலில் ஒருவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது. வீட்டுக் கணக்கை அதை வைத்துப் போடுவதுதான் நல்லது.

அப்புறம், 5,000 வெள்ளி என்று வேலைக் கடிதத்தில் இருந்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 4,000தான். 20 விழுக்காடு, அதாவது 1,000 வெள்ளி, மத்திய சேமநிதிக்குப் போகிறது. முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, 850 வெள்ளி, மேலே போடுகிறார். பணம் எங்கும் போகவில்லை, ஆனால் மாதச் செலவுக்கு எடுக்கமுடியாது. இதைப் பையனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கம்ப்யூட்டர் சயன்ஸா இதுவா என்றால், நாள் முழுக்க கோடிங்கிலேயே உட்காரப் பிடிக்கும் பிள்ளைக்கு அது. மனிதர்களிடம் பேசி வேலை வாங்கத் தெரிந்தவனுக்கு இது. ஆனாலும் கோடிங்கை அறவே விட்டுவிட்டால், இரண்டு பக்கமும் அரைகுறையாக நின்றுவிடுவான் என்பதுதான் என் பயம். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்கியூஎல், நிரல் எழுதும் மொழியான பைத்தான் இரண்டையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளட்டும். அதைவிட முக்கியம் வேலைப்பயிற்சி. மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்காமல் முதல் நீண்ட விடுமுறையிலேயே ஒன்று செய்தால், பிறகு நேர்காணலில் பேச உருப்படியான விஷயம் இருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலை தேடும் தளத்தில் பிசினஸ் அனலிஸ்ட் என்று தேடி, கேட்கும் திறன்களையும் சம்பள வரம்பையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். அதற்குப் பிறகும் இதுதான் வேண்டும் என்றால் தடுக்காதீர்கள்.