குவாரியின் செம்மண் தண்ணீர் தோப்புக்குள் இறங்கினால்

கேள்வி: தாமிரபரணிக் கரையில் எங்கள் தென்னந்தோப்பு. மேட்டுப் பக்கம் ஒரு கிராவல் குவாரி ஓடுகிறது. ஐப்பசி மழைக்கு அங்கிருந்து செக்கச்செவேல் என்று தண்ணீர் இறங்கி, வரப்பை அரித்து, வாய்க்காலைத் தூர்த்துவிட்டு ஆற்றில் விழுகிறது. மனு கொடுத்தால் ‘அனுமதி பெற்ற குவாரி’ என்று பதில் வருகிறது. வேறு என்ன வழி?

பதில்: அனுமதி பெற்ற குவாரி என்பது உங்களுக்குத்தான் வசதி. அந்த அனுமதியோடு வரிசை எண் போட்ட நிபந்தனைகளும் சேர்ந்தே வந்திருக்கும். ‘ஆறு பாழாகிறது’ என்ற மனு மேசை மேசையாகச் சுற்றும். ‘இத்தனையாவது நிபந்தனைப்படி வெட்ட வேண்டிய வடிகால் வடக்கு எல்லையில் இல்லை’ என்று எழுதினால் யாராவது இடத்தைப் பார்த்துத்தான் பதில் எழுத முடியும்.

சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் தேடுங்கள். குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், வரைபடம் மூன்றையும் மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பக்கத்துப் பட்டா நிலத்துக்கு விட வேண்டிய இடைவெளி பெரும்பாலும் 7.5 மீட்டர் என்றிருக்கும். ஆற்றுக்கும் ஓடைக்கும் எவ்வளவு என்பதை ஆணையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டேப்பைப் பிடித்து அளந்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

அடுத்தது வடிகால். குழியைச் சுற்றி ஒரு வாய்க்கால், அதன் கடைசியில் வண்டல் தங்கும் குட்டை என்று நிபந்தனையில் இருக்கும். தளத்தில் குட்டை என்ற பெயரில் ஒரு பள்ளமும் இருக்கும். அது போதுமா என்று கணக்குப் போடுங்கள். 2 ஹெக்டேர் குவாரியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1,000 கன மீட்டர். லாரி ஓடி இறுகிய வெறும் தரையில் அதில் 60 சதவீதம் ஓடிவிடும் என்று வைத்தாலும் 6 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 50 லோடு. 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தில் பிடிப்பது 13,500 லிட்டர். மழை வலுத்த கொஞ்ச நேரத்தில் அது நிரம்பி வழியும். வழிந்தோடக் கல் பதித்த கலங்கல் இல்லாவிட்டால் மண்கரை ஓரிடத்தில் அறுந்து, மொத்தத் தண்ணீரும் ஒரே வாயில் பாயும். உங்கள் வரப்பு உடைவதும் அநேகமாக அப்படித்தான்.

இன்னொன்று, மணலும் களியும் ஒரே மாதிரி படிவதில்லை. 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. 0.02 மில்லிமீட்டர் வண்டலுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். 0.002 மில்லிமீட்டர் களிக்கு, தண்ணீர் அசையாமல் நின்றால்கூட, மூன்று நாள். வாய்க்கால் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வையுங்கள். மறுநாளும் டீ நிறத்தில் நின்றால் களி அதிகம். தண்ணீரைத் தேக்கி வைக்காமல் வெறும் குட்டை வழியாக ஓடவிடுவதால் அது தெளியாது. குழியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து ஓடைக்கு இறைக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கும்.

ஆற்றில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு, லிட்டருக்கு 100 மில்லிகிராம், கரையாமல் தண்ணீரில் கலந்து நிற்கும் திடப்பொருள். நீங்களே ஆய்வகத்தில் கொடுத்து எண் வாங்கலாம். ஆனால் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ் சாட்சியாக நிற்பது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறைப்படி நோட்டீஸ் கொடுத்து எடுத்து முத்திரையிட்ட மாதிரிதான். மழை நாளிலேயே வந்து மாதிரி எடுக்கும்படி அந்த வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். வெயில் காயும் நாளில் வந்தால் பார்க்க எதுவும் இருக்காது.

போட்டோ எடுக்கும்போது தேதியும் இடக் குறியீடும் பதிவாகட்டும். குவாரிக்கு மேலே ஒன்று, வாய்க்கால் முடியும் இடத்தில் ஒன்று, ஆற்றில் கலக்கும் இடத்தில் ஒன்று. மேலே தெளிந்த தண்ணீர், கீழே கலங்கிய தண்ணீர் என்று காட்டாத படத்தால் பயனில்லை. நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான அரையாண்டு அறிக்கையைக் குத்தகைதாரர் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டும். டிசம்பர் அறிக்கையைக் கேட்டு வாங்கி உங்கள் நவம்பர் படங்களோடு ஒப்பிடுங்கள். ‘வடிகால் நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரி அதில் இருந்தால் மனுவோடு இரண்டையும் சேர்த்து வையுங்கள். மனு ஆட்சியருக்கு, நகல் கனிமவளத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவதானால் நாள் கணக்கு முக்கியம். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடு மட்டும் கேட்பதானால் 15-ஆம் பிரிவில் 5 ஆண்டு.

கோபத்தில் எல்லையில் மண்ணைக் கொட்டித் தண்ணீரை முழுதாக மறித்துவிடாதீர்கள். மேட்டு நிலத்தின் இயல்பான நீரோட்டத்தைத் தடுத்ததாக வழக்கு உங்கள் மேல் திரும்பும். தண்ணீர் நுழையும் வாயில் கல்லடுக்கித் தடுப்பு போடுங்கள். நூற்றுக்கு ஐந்து சரிவில் அரை மீட்டர் உயரத் தடுப்பு என்றால் 10 மீட்டருக்கு ஒன்று. கீழ்த் தடுப்பின் தலையும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் வரும். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் அரித்துக்கொண்டு போகும். வரப்பின் மேல்புறம் சமமட்டக் கோட்டில் வெட்டிவேர் நாற்றை 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒற்றை வரிசையில் நடுங்கள். ஆடி, ஆவணியில் நட்டுத் தண்ணீர் ஊற்றி வந்தால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும்.