மாதம் 2 லட்சம், வரி பூஜ்யம்: வேலையை விட்டு கன்சல்டன்ட் ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 4 ஆண்டு 7 மாதமாக வேலை. சிடிசி (கம்பெனி எனக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) 20 லட்சம். கைக்கு மாதம் சுமார் 1.29 லட்சம் வருகிறது. பெங்களூரு நிறுவனம் ஒன்று, ‘கன்சல்டன்ட்டாக வாருங்கள், மாதம் 2 லட்சம், வீட்டிலிருந்தே வேலை’ என்கிறது. இப்படி ஏற்கெனவே போன நண்பர், ‘44 ஏடிஏ-வில் காட்டினால் 24 லட்சத்துக்கு ஒரு பைசா வரி கிடையாது. அதுக்கு மேல மட்டும் கேட்டுடாத’ என்கிறார். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. மகள் யுகேஜி. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம். இருவரும் என் கம்பெனியின் மெடிக்கல் பாலிசியில் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை 34,000. எஃப்டி வட்டியாக ஆண்டுக்கு 40,000 வருகிறது. மனைவி ‘வேண்டவே வேண்டாம்’ என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், சரவணம்பட்டி

பதில்: உங்கள் நண்பர் கதை விடவில்லை. 44 ஏடிஏ என்பது மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், ஆடிட்டர் போன்றவர்களுக்கான உத்தேச வருமானத் திட்டம். தகவல் தொழில்நுட்பமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் (ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சத்துக்குள்) இருந்தால், வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதிக்குச் செலவுக் கணக்கு எழுத வேண்டியதில்லை. 24 லட்சத்தில் பாதி 12 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி கிடைப்பதால் வரி பூஜ்யம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆனாலும் ஆடிட்டர் ஆபீஸ்களில் இன்னும் ‘44 ஏடிஏ’ என்றுதான் பேச்சு. நானும் அப்படியே சொல்கிறேன்.

நண்பர் கவனிக்காதது உங்கள் எஃப்டி. 12 லட்சத்தோடு வட்டி 40,000 சேர்ந்தால் மொத்த வருமானம் 12.40 லட்சம், தள்ளுபடி போய்விடும். அடுக்குப்படி பார்த்தால் வரி 66,000. ‘12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது’ என்ற விளிம்பு நிவாரணம் இருப்பதால் 40,000-த்தோடு நிற்கும். அதன் மேல் 4 சதவீத செஸ். ஆக 40,000 வட்டி வாங்கி 41,600 வரி கட்டுவீர்கள். எஃப்டி-யை மனைவி பெயருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்பீர்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் அவருக்கு வரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம், நீங்கள் 20 லட்சத்தையும் 24 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டும் வேறு வேறு சரக்கு.

உங்கள் பே ஸ்லிப்பை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் மாதம் 80,000. சிடிசி 20 லட்சத்தில் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,15,200, கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்குவது 46,176, குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 18,624. இவை போக மொத்தச் சம்பளம் 18,20,000. நிலையான கழிவு 75,000 போனால் வரிக்குரியது 17,45,000. இதற்கு வரி 1,49,000. செஸ் சேர்த்து 1,54,960. தொழில் வரி ஆண்டுக்கு 2,500. உங்கள் பங்கு பிஎஃப்-உம் பிடித்தது போக மாதம் 1,28,945 கைக்கு வருகிறது. நீங்கள் எழுதிய 1.29 லட்சம் இதுதான்.

ஆனால் உங்கள் வருமானம் இதோடு முடியவில்லை. பிஎஃப்-க்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஆண்டுக்கு 2,30,400 போகிறது. அது உங்கள் பணம், 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கிடைத்தது. கிராஜுவிட்டியும் மெடிக்கல் பாலிசியும் உங்களுடையவை. சிடிசியில் வரியை மட்டும் கழித்தால் மீதி 18,42,540. கன்சல்டன்ட் வருமானத்தை ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான், மாதம் 1.29 லட்சத்தோடு அல்ல.

இப்போது அந்தப் பக்கம். 12 மாதமும் தடையில்லாமல் பில் போட்டால் 24 லட்சம். வட்டி விவகாரத்தை ஒதுக்கிவிட்டால் வரி இல்லை. குடும்பத்துக்கும் பெற்றோருக்கும் சொந்தமாக மெடிக்கல் பாலிசி, டேர்ம் பாலிசி எல்லாம் சேர்த்து 90,000 என்றும், ஆடிட்டர், ஜிஎஸ்டி ரிட்டர்ன், லேப்டாப், இன்டர்நெட்டுக்கு 60,000 என்றும் வைத்துக்கொள்கிறேன். மிச்சம் 22,50,000. இப்போதைய வேலையைவிட 4,07,460 அதிகம். நல்ல தொகைதான். ஆனால் ஆண்டில் இரண்டு மாதம் பில் போட முடியாமல் போனால் 4 லட்சம் காலி, இரண்டும் ஒன்றாகிவிடும். ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் இடைவெளி, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வாரங்கள், தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். சம்பளக்காரருக்கு அது லீவு. கன்சல்டன்ட்டுக்கு அது பில்லில் குறையும் நாள்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இந்தப் பதிலை எழுதவே காரணம். ஜிஎஸ்டி பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 44 ஏடிஏ-வில் செலவுக் கணக்கு வேண்டாம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் தனித்தனிச் சட்டம். உங்கள் சேவைக்கு 18 சதவீதம். கர்நாடக நிறுவனம் என்பதால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் தரும் சேவைக்கான ஜிஎஸ்டி). ஒப்பந்தத்தில் ‘மாதம் 2,00,000 மற்றும் ஜிஎஸ்டி’ என்று இருந்தால் நீங்கள் 2,36,000-க்கு இன்வாய்ஸ் போடுவீர்கள், 36,000 அரசுக்குப் போகும், அந்த நிறுவனம் அதை உள்ளீட்டு வரியாக, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும். யாருக்கும் நஷ்டமில்லை. ‘அனைத்து வரிகளும் உட்பட 2,00,000’ என்று இருந்தால் கதையே வேறு. அந்த 2 லட்சத்துக்குள் 30,508 ரூபாய் ஜிஎஸ்டி ஒளிந்திருக்கிறது. உங்கள் கட்டணம் 1,69,492 மட்டுமே. ஆண்டுக்கு 3,66,102 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். மேலே பார்த்த 4,07,460 லாபத்தில் மிஞ்சுவது 41,358. இதற்காகவா பிஎஃப்-ஐயும் கிராஜுவிட்டியையும் விட்டுவிட்டுப் போவது? அந்த நிறுவனம் அனுப்பிய வரைவு ஒப்பந்தத்தில் ‘உட்பட’ என்று இருக்கிறதா, ‘மற்றும்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, பணம் வரும் நேரம். தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். மாதம் 1,80,000-மும் ஜிஎஸ்டியும்தான் கணக்குக்கு வரும். ஆண்டு முழுக்கப் பிடித்த 2,40,000 ரீஃபண்ட் வர, ரிட்டர்ன் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ‘45 நாளில் பணம்’ என்று இருந்தால், இந்த மாதம் போட்ட இன்வாய்ஸின் ஜிஎஸ்டியை அவர்கள் பணம் தருவதற்கு முன்பே, அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் நீங்கள் கைக்காசு போட்டுக் கட்டுவீர்கள். வங்கி 34,000 தவணையை இதையெல்லாம் கேட்டு எடுக்காது.

அடுத்தது, நீங்கள் உண்மையிலேயே கன்சல்டன்ட்தானா? காலை 9.30-க்கு லாகின், மேனேஜரிடம் லீவு கேட்பது, அவர்கள் கொடுத்த லேப்டாப், வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை, மாதாமாதம் ஒரே தொகை என்று எல்லாம் இருந்தால், பெயரில் மட்டும்தான் கன்சல்டன்ட். வருமான வரித் துறை அதைச் சம்பளம் என்று சொல்ல இடமிருக்கிறது. அப்படிச் சொன்னால் 24 லட்சத்தில் 75,000 மட்டுமே கழியும். வரி செஸ்ஸோடு 2,92,500, அதற்கு வட்டியும் வரும். நண்பரைத் துறை இதுவரை கேட்கவில்லை என்பதால் உங்களையும் கேட்காது என்று வைத்துக்கொள்ள முடியாது. வேலை நேரத்தை நீங்களே முடிவு செய்வது, சொந்த லேப்டாப், மற்ற வாடிக்கையாளர்களையும் எடுத்துக்கொள்ளும் உரிமை, வேலையை வரையறுக்கும் தெளிவான பட்டியல் ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். காகிதத்தில் மட்டும் இருந்தாலும் போதாது; இன்னொரு சின்ன வாடிக்கையாளரையாவது உண்மையாகவே பிடியுங்கள்.

‘24-க்கு மேல கேட்காத’ என்ற யோசனையை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வருமான வரி விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் விசித்திரம் இது: வரியை மிச்சம் பிடிப்பதற்காக வருமானத்தையே வேண்டாம் என்பது. மாதம் 2.40 லட்சம் வாங்கினால் ஆண்டுக்கு 28.80 லட்சம்; பாதி 14.40 லட்சம், வரி செஸ்ஸோடு 99,840. கூடுதலாக வந்த 4,80,000-த்தில் இந்த வரி போக 3,80,160 உங்களுக்கு மிஞ்சும். எஃப்டி வட்டி 12 லட்ச விளிம்பில் மாட்டி முழுதாகக் கரைவதும் இங்கே நடக்காது. 2 லட்சத்துக்கு நான் போகச் சொல்ல மாட்டேன். 2.40 லட்சம் மற்றும் ஜிஎஸ்டி, இரு தரப்புக்கும் 60 நாள் நோட்டீஸ், 15 நாளில் பணம் என்றால் போகலாம் என்பேன். அவர்கள் உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள், கேட்பதில் தப்பில்லை.

போவது என்று முடிவானால் எப்போது ராஜினாமா கொடுப்பது என்பதிலும் பணம் இருக்கிறது. உங்களுக்கு 4 ஆண்டு 7 மாதம். கிராஜுவிட்டிக்கு 5 ஆண்டு வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால் எல்லா ஹெச்.ஆர்.களும் அதை முணுமுணுக்காமல் ஒப்புக்கொள்வதில்லை. வழக்காடிக்கொண்டிருப்பதைவிட இன்னும் இரண்டு மாதம் கழித்து ராஜினாமா கொடுங்கள். உங்கள் கம்பெனியில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால், அது முடியும்போது ஐந்து ஆண்டு முழுதாகிவிடும். 80,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்கினால் 2,30,769 ரூபாய். புது நிறுவனம் நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டி முடித்துத் தருகிறோம் என்று ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள், அப்படியே கிடக்கட்டும். வேலையை விட்ட பிறகு அதில் சேரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு என்பதை ஆடிட்டரிடம் சொல்லி வையுங்கள். இனி மாதாமாதம் யாரும் பிடித்தம் செய்ய மாட்டார்கள் என்பதால், 1.5 லட்சம் வரை பிபிஎஃப்-இல் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் விஷயத்தில்தான் உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. குரூப் பாலிசியில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் இருக்கும். புதிதாகத் தனிநபர் பாலிசி எடுத்தால் முன்பே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் காத்திருப்பில் எவ்வளவு கழியும் என்று, வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனிநபர் மெடிக்கல், ஆயுள் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை, கொஞ்சம் ஆறுதல். பெற்றோருக்குப் பாலிசி கைக்கு வராமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். பாலிசி கிடைக்கவே இல்லை என்றால், 2.40 லட்சம் கொடுத்தாலும் இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

கடைசியாகக் கடன். பல வங்கிகள் சொந்தத் தொழில் செய்பவரிடம் இரண்டு மூன்று ஆண்டு ரிட்டர்ன் கேட்கும். ரிட்டர்னில் காட்டிய வருமானத்தை வைத்தே கடன் தகுதியைக் கணக்கிடும். 44 ஏடிஏ-வில் 24 லட்சம் வாங்கி 12 லட்சம் காட்டியவருக்கு வங்கியின் கண்ணில் வருமானம் 12 லட்சம்தான். வீட்டுக்கு மேல்மாடி, கார், டாப்-அப் என்று ஏதாவது திட்டம் இருந்தால், இந்தக் கம்பெனியின் பே ஸ்லிப் கையில் இருக்கும்போதே வங்கிக்குப் போய் வாருங்கள்.