தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் ப்ரோக்கோலி சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தினமும் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறேன். வாரம் இரண்டு முறை ப்ரோக்கோலியை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுப் பொரியல் செய்கிறேன். தைராய்டு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீங்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இனத்தைச் சேர்ந்த ப்ரோக்கோலியில், தைராய்டு சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கக்கூடிய சில வேதிப்பொருள்கள் உருவாகின்றன என்பது உண்மைதான். ஆனால் அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் ஒருவர், இக்காயைச் சமைத்து வாரத்தில் இரண்டு மூன்று முறை உண்பதால் பாதிப்பு ஏற்படுவதில்லை. பச்சையாகச் சாறு பிழிந்து தினமும் அதிக அளவில் குடிப்பதை மட்டும் தவிருங்கள். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ உணவோ எடுத்துக்கொள்வது இதைவிட முக்கியம்.

நீங்கள் வடித்துக் கொட்டும் தண்ணீரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 100 கிராம் பச்சை ப்ரோக்கோலியில் ஏறத்தாழ 34 கலோரி, 2.6 கிராம் நார்ச்சத்து, 89 மில்லிகிராம் வைட்டமின் சி ஆகியவற்றுடன் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் உள்ளது. இவற்றுள் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் நீரில் கரைபவை என்பதால், வடித்த நீருடன் கணிசமான பங்கு வெளியேறிவிடுகிறது. எனவே இட்லிப் பானையில் மூன்று நான்கு நிமிடம், பச்சை நிறம் மங்காத அளவுக்கு ஆவியில் வேகவையுங்கள். தண்டையும் தோல் சீவிச் சேர்த்துக்கொள்ளலாம்.

இக்காயின் தனிச்சிறப்பாகப் பேசப்படும் சல்ஃபோராஃபேன் என்ற வேதிப்பொருள், காயை நறுக்கும்போது வெளிப்படும் ஒரு நொதியால் உருவாகிறது. கடும் சூட்டில் அந்நொதி செயலிழந்துவிடும். ஆகவே நறுக்கியபின் அரை மணி நேரத்துக்குமேல் வைத்திருந்து சமைப்பது நல்லது. கடுகிலும் அதே வகை நொதி இருப்பதால், இறக்கிய பின் சிட்டிகை பச்சைக் கடுகுப் பொடியைத் தூவலாம். எண்ணெயில் தாளித்த கடுகுக்கு இந்தப் பயன் இல்லை. சல்ஃபோராஃபேன் புற்றுநோயைத் தடுக்கும் என்பது மனிதர்களிடம் இன்னும் உறுதிப்படவில்லை. அதை நம்பி விலை கொடுத்து வாங்க வேண்டாம். வைட்டமின் சிதான் தேவையென்றால், கொய்யாவில் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உண்டு.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இதிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால், அளவைத் திடீரெனக் கூட்டாமல் அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.